பழைய சேர்வருக்கு அப்டேற் வந்தால்: போடுவதா, பொறுப்பதா?

காசாளர் மேசைக்குக் கீழே, பழைய பில் புத்தகங்களுக்கும் பழுதாகிப்போன யூபிஎஸ் ஒன்றுக்கும் நடுவில், தூசி படிந்து ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. யாழ்ப்பாணத்தில் பல கடைகளுக்கு அதுதான் சேர்வர். பத்து வருடத்துக்கு முன் பொருத்திக் கொடுத்தவர் இப்போது கனடாவில் இருப்பார். "தம்பிக்குக் கொம்பியூட்டர் தெரியும்தானே" என்ற ஒரே தகுதியில் அது உங்கள் தலையில் விழுந்திருக்கும். ஒரு நாள் காலையில் 'முக்கியமான பாதுகாப்பு அப்டேற்' என்று திரையில் ஓர் அறிவிப்பு வருகிறது. முதலாளியிடம் போய்க் கேட்டால், "ஓடிக்கொண்டிருக்கிறதை ஏன் தம்பி நோண்டுறாய்?" என்பார்.

அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அப்டேற் போட்ட இரவே படுத்துவிட்ட சேர்வர்களை நான் பார்த்திருக்கிறேன். போடாமல் விட்டு, பைல்கள் எல்லாம் பூட்டுப்பட்டு, திறக்கப் பணம் கேட்டு வந்த செய்தியையும் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று முடிவெடுப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேண்டியது ஒரு கொப்பி, ஒரு பேனை, முதல் தடவைக்கு இரண்டு மணி நேரம்.

முதலில் உங்கள் பெட்டியை வாசியுங்கள்

அப்டேற்றின் விளக்கக் குறிப்புக்குப் பிறகு வருவோம். உங்கள் சேர்வர் என்ன, அது என்ன வேலை பார்க்கிறது, அதை யார் தொடலாம் என்ற மூன்றும் தெரியாமல் எந்தக் குறிப்பை வாசித்தும் பயன் இல்லை.

விண்டோஸ் என்றால், விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் சிறு பெட்டியில் வின்வர் என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பில்ட் என்று ஓர் எண் தெரியும். சேர்வர்களில் 7601 என்றால் 2008 ஆர்2. 9200 என்றால் 2012. 9600 என்றால் 2012 ஆர்2. 14393 என்றால் 2016, 17763 என்றால் 2019. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது 2012க்கும் 2012 ஆர்2வுக்கும் இடையில்தான். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றின் அப்டேற் மற்றதில் ஏறாது. லினக்ஸ் என்றால் ஈடிசி கோப்புறைக்குள் ஓஎஸ்-ரிலீஸ் என்ற பைலைத் திறந்து பாருங்கள், பெயரும் பதிப்பும் இருக்கும்.

அடுத்து, வேலை. பில் அடிக்கும் மென்பொருள் இதில் இருக்கிறதா? மற்றக் கணினிகள் எல்லாம் இதில் இருந்துதான் லொகின் ஆகின்றனவா, அதாவது இது டொமைன் கொன்ட்ரோலரா? பொதுக் கோப்புறை உண்டா? பிரிண்டர்கள் இதன் வழியாக ஓடுகின்றனவா? போட்டோக்கொப்பி மெஷின் ஸ்கான் செய்து இதற்குள் போடுகிறதா? கடைசிக் கேள்வியைச் சிரிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வேலை வரும்.

மூன்றாவது, கதவு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் போர்ட் ஃபோர்வடிங் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் இரவில் கடைக் கணக்கைப் பார்ப்பதற்காக 3389 என்ற போர்ட்டை யாரோ ஒரு காலத்தில் திறந்துவிட்டிருப்பார்கள். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டொப் வழி அது. உலகத்தில் உள்ள எவனும் உங்கள் லொகின் திரையைத் தட்டிப் பார்க்கலாம் என்பது அதன் பொருள். அப்படி இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு அதை மூடுங்கள். மகனுக்கு விபிஎன், அதாவது பூட்டுப்போட்ட தனிவழி ஒன்று, அமைத்துக் கொடுக்கலாம். 3389ஐ வேறு எண்ணுக்கு மாற்றினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. தேடும் கருவிகள் எல்லா எண்ணையும் தட்டும், ஆகவே அதை நம்பவேண்டாம்.

'அப்டேற் எதுவும் இல்லை' என்ற நல்ல செய்தி

பழைய சேர்வரில் அறிவிப்பு வருவதைவிட, வராமல் இருப்பதுதான் எனக்குப் பயம். ஆதரவுக் காலம் முடிந்த இயங்குதளம் 'நீங்கள் எல்லாம் போட்டுவிட்டீர்கள்' என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருக்கும். புதிய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கும், ஆனால் அவற்றுக்கான மருந்து உங்களுக்கு எழுதப்பட்டிருக்காது.

ஆகவே இந்தத் திகதிகளைக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதுங்கள். விண்டோஸ் சேர்வர் 2008, 2008 ஆர்2 இரண்டுக்கும் பொது ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. 2012, 2012 ஆர்2 இரண்டுக்கும் 2023 ஒக்டோபர் 10. அதற்குப் பிறகு காசு கட்டிப் பெறும் நீட்டிப்பு 2026 ஒக்டோபர் 13 வரை. 2016க்கு 2027 ஜனவரி 12. 2019க்கு 2029 ஜனவரி 9. லினக்ஸ் பக்கம், சென்ட்ஓஎஸ் 8 இடையிலேயே கைவிடப்பட்டு 2021 டிசம்பர் 31இல் முடிந்தது, அதற்கு மூத்த 7 கூட 2024 ஜூன் 30 வரை ஓடியது. உபுண்டு 18.04இன் வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்திலும், 20.04இனது 2025 மே மாதத்திலும் முடிந்தன.

காசு கட்டாத 2012 ஆர்2வில் நீட்டிப்புக் கால அப்டேற்றைக் கையால் இறக்கிப் போட்டால் என்ன நடக்கும்? போகும், ரீஸ்டார்ட் கேட்கும், கடைசியில் 'மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்' என்று வந்து பழைய நிலைக்கே போய்விடும். அது பழுது இல்லை, உரிமம் இல்லை என்பதுதான். உபுண்டு வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம்: உபுண்டு ப்ரோ என்ற நீட்டிப்பு ஒருவருக்கு 5 இயந்திரங்கள் வரை இலவசம். சென்ட்ஓஎஸ் 7இல் இப்போது பொதிகளை இறக்கும் யம் கட்டளை கொடுத்தால் முகவரியே கிடைக்கவில்லை என்று பிழை காட்டும், ஏனென்றால் அதன் களஞ்சியம் காப்பகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது. உங்கள் இணைய இணைப்பைக் குறை சொல்லி ரவுட்டரைக் கழற்றிப் பூட்டவேண்டாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2023 ஆகஸ்டில் நம் நாட்டு அரச மின்னஞ்சல் சேவையை, பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அஞ்சல்களுக்குப் பக்கப் இல்லாமல் அவை தொலைந்தன. அங்கே ஓடியது எக்ஸ்சேஞ் 2013 என்ற மைக்ரோசொப்டின் மின்னஞ்சல் மென்பொருள், அதன் ஆதரவு அதே வருடம் ஏப்ரலில் முடிந்திருந்தது.

குறிப்பை வாசிப்பது

மைக்ரோசொப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அப்டேற்றுகளை வெளியிடும். அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி. நமக்கு அது செவ்வாய் இரவு 10.30, அங்கே குளிர்கால நேரம் ஓடும் மாதங்களில் 11.30. ஆகவே உங்கள் வேலை புதன் காலையில் தேத்தண்ணீரோடு தொடங்குகிறது. லினக்ஸுக்கு இப்படி ஒரு நாள் இல்லை, அது அது தயாரானபோது வரும். அதனால் வாரத்தில் ஒரு நாளை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வகை எண்கள் வரும். கேபி என்று தொடங்குவது மருந்துப் போத்தலின் எண், அதாவது அப்டேற் பொதி. சிவிஇ என்று தொடங்குவது நோயின் எண், அதாவது ஓட்டை. ஒரு போத்தலில் பல நோய்க்கு மருந்து இருக்கும். முதலில் கேபி பக்கத்தைத் திறந்து உங்கள் பதிப்பின் பெயர் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த அப்டேற் உங்களுக்கு இல்லை. கொப்பியில் 'நமக்கு இல்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துவிடலாம்.

இருந்தால், அதே பக்கத்தின் கீழ்ப்பகுதிக்கு இறங்குங்கள். தெரிந்த பிரச்சினைகள் என்று ஒரு பகுதி இருக்கும். மேலே எழுதியிருப்பதைவிட எனக்கு அதுதான் முக்கியம். பிறகு ஒவ்வொரு சிவிஇ பக்கத்திலும் மூன்று விஷயம் தேடுங்கள்: ஏற்கெனவே யாராவது இதை வைத்துத் தாக்கியிருக்கிறார்களா, விவரம் பகிரங்கமாகிவிட்டதா, எந்த வழியால் தாக்கலாம். அமெரிக்காவின் சிசா நிறுவனம் உண்மையில் பயன்படுத்தப்பட்ட ஓட்டைகளின் பட்டியல் ஒன்றை 2021 நவம்பரில் இருந்து நடத்துகிறது. உங்கள் சிவிஇ எண் அதில் இருந்தால் யோசனைக் காலம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண் பெரிது. ஆனால் யாருக்கு?

ஒவ்வொரு ஓட்டைக்கும் 10க்கு ஒரு மதிப்பெண் போட்டிருப்பார்கள். 7க்கு மேல் உயர்வு, 9க்கு மேல் அபாயம். புதியவர்கள் இந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஓடுகிறார்கள். அந்த எண்ணைப் போட்டவருக்கு உங்கள் கடையைத் தெரியாது. எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்துகளாக ஒரு நீண்ட வரி இருக்கும், அதைத்தான் வாசிக்கவேண்டும். ஏவி என்பதற்குப் பின் என் என்ற எழுத்து இருந்தால் வலையமைப்பு வழியாகத் தூரத்தில் இருந்தே தாக்கலாம். ஏ என்றால் பக்கத்து வலையமைப்பில் இருக்கவேண்டும். எல் என்றால் ஏற்கெனவே இயந்திரத்துக்குள் நுழைந்திருக்கவேண்டும், அல்லது உள்ளே இருப்பவரை ஒரு கெட்ட பைலைத் திறக்கவைக்கவேண்டும். பி என்றால் கையால் தொடவேண்டும். பிஆர் என்பதற்குப் பின் என் என்றால் பாஸ்வேர்ட் எதுவும் தேவையில்லை. யூஐ என்பதற்குப் பின் என் என்றால் யாரும் எதையும் கிளிக் செய்யவும் தேவையில்லை. மூன்றிலும் என் வந்தால், தானாகப் பரவும் புழுவுக்கு ஏற்ற ஓட்டை அது.

இரண்டு உதாரணம். 2020 ஆகஸ்டில் மருந்து வந்த சீரோலொகன் ஓட்டைக்கு முழு 10. ஆனால் அது டொமைன் கொன்ட்ரோலரைத் தாக்குவது. உங்கள் சேர்வர் வெறும் பில்லிங் பெட்டி என்றால் அவசரம் குறைவு. அதுவே முழு அலுவலகமும் லொகின் ஆகும் சேர்வர் என்றால், அதே வலையமைப்பில் வைரஸ் பிடித்த ஒரு மடிக்கணினி போதும், நிர்வாகியின் அதிகாரமே பறிபோகும். அடுத்த மாதமே தாக்கும் நிரல்கள் பகிரங்கமாக உலாவின.

மற்றது 2022 ஜனவரியில் வெளிவந்த ப்வ்ன்கிட். லினக்ஸில் சாதாரணப் பயனரை ரூட் என்ற முழு அதிகார நிர்வாகி ஆக்கிவிடும். மதிப்பெண் 7.8, உள்ளே இருந்துதான் தாக்கலாம். நீங்கள் ஒருவர் மட்டும் நுழையும் சேர்வரில் ஒரு வாரம் பொறுத்திருந்தாலும் வானம் இடிந்து விழாது. ஐம்பது மாணவர்களுக்கு லொகின் கொடுத்திருக்கும் கணினி நிலையம் என்றால் அன்று மாலையே போடவேண்டும். மாணவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த வயதில் நானும் முயன்று பார்த்திருப்பேன்.

பழசு என்பதாலேயே தப்பிக்கும் நேரமும் உண்டு. 2024 ஜூலை 1இல், லினக்ஸ் சேர்வருக்குள் தூரத்தில் இருந்து நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளில் ரெக்ரெஷன் என்ற ஓட்டை அறிவிக்கப்பட்டபோது எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் கொஞ்சமில்லை. அது 2006இல் அடைத்த ஓட்டை, 8.5 பதிப்பில் தவறுதலாகத் திரும்பவும் திறந்துகொண்டது. சென்ட்ஓஎஸ் 7இல் இருப்பது 7.4, உபுண்டு 20.04இல் 8.2, டெபியன் 11இல் 8.4. மூன்றுக்கும் பாதிப்பு இல்லை. புதிதாக உபுண்டு 22.04 போட்டவர்கள்தான் ஓடவேண்டியிருந்தது. செய்தித் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கை வைக்காமல், பாதிக்கப்பட்ட பதிப்புகளின் எல்லையைப் பார்ப்பது இதற்காகத்தான்.

பதிப்பு எண் சொல்லும் பொய்

லினக்ஸ்காரருக்கு இங்கே ஒரு குழி இருக்கிறது. ரெட் ஹாட், டெபியன், உபுண்டு போன்றவை பழைய பதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் அதற்குள் தைத்துவிடும். சென்ட்ஓஎஸ் 7இல் இணையத்தளங்களை வழங்கும் அப்பாச்சி மென்பொருள் கடைசிவரை 2.4.6 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது, உள்ளே பல வருடத் திருத்தங்கள் இருந்தன. வெளியில் இருந்து சோதிக்கும் கருவி அந்த எண்ணை மட்டும் பார்த்து நாற்பது ஓட்டை என்று சிவப்பு மையில் அறிக்கை அடித்துத் தரும். அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் மேலாளர் வருவார்.

பதில் சொல்ல வழி எளிது. உபுண்டுவும் டெபியனும் ஒவ்வொரு சிவிஇ எண்ணுக்கும் தனிப் பக்கம் வைத்திருக்கின்றன, உங்கள் பதிப்புக்கு நேரே 'பாதிப்பு இல்லை', 'திருத்தம் வெளியிடப்பட்டது', 'திருத்தம் தேவை' என்று இருக்கும். சென்ட்ஓஎஸ்ஸும் சேர்ந்த ரெட் ஹாட் குடும்பத்தில் ஆர்பிஎம் கட்டளையிடம் அந்தப் பொதியின் மாற்றப் பதிவேட்டைக் கேட்டு, அதற்குள் சிவிஇ எண்ணைத் தேடுங்கள். கிடைத்தால் அந்த வரியை அப்படியே மேலாளருக்கு அனுப்பிவிடலாம்.

அப்டேற்றே வினையானால்

முதலாளியின் பாதி நியாயத்துக்கு இப்போது வருவோம். 2022 ஜனவரி 11இல் 2012 ஆர்2வுக்கு வந்த கேபி 5009624ஐ எடுங்கள். போட்ட இடங்களில் டொமைன் கொன்ட்ரோலர்கள் தாமாகவே திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின, ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் ஹைப்பர்-வியில் இருந்த மெய்நிகர் இயந்திரங்கள் சில இடங்களில் எழும்பவில்லை. திருத்திய அப்டேற் 17ஆம் திகதி வந்தது. ஆறு நாள் பொறுத்தவர்கள் எதையும் உணரவில்லை.

மற்றொன்று 2021இன் பிரிண்ட்நைட்மேர். பிரிண்ட் ஸ்பூலர் என்ற பிரிண்டர் சேவையில் இருந்த ஓட்டை. அதை அடைக்க ஆகஸ்ட் 10இல் வந்த அப்டேற்றுக்குப் பிறகு, பிரிண்டர் டிரைவர் போட நிர்வாகியின் அனுமதி கட்டாயமானது. விதி சரியானது. ஆனால் காலையில் கடை திறந்து வாசலில் வாடிக்கையாளர் நிற்க, பில் பிரிண்டர் நிர்வாகியின் பாஸ்வேர்ட் கேட்டால் காசாளர் என்ன செய்வார்?

மறுபக்கம், பொறுத்தவர்கள் பட்ட பாடும் இருக்கிறது. வன்னாகிரை புழு 2017 மே 12இல் உலகத்தைச் சுற்றியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேற் மார்ச் 14இலேயே வந்திருந்தது. இடையில் 59 நாட்கள்.

ஆகவே என் கணக்கு இது. வெளியில் இருந்து தொடக்கூடிய சேவையில் ஓட்டை, அதோடு தாக்குதலும் நடந்துகொண்டிருக்கிறது என்றால் இன்றிரவே. தொட முடியும், தாக்குதல் இன்னும் இல்லை என்றால் நான்கைந்து நாள் பொறுத்து, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு. உள்ளே இருந்துதான் தாக்கலாம், உள்ளே நம்பிக்கையானவர்கள் மட்டும் என்றால் மாத வேலையோடு. சேவையே நமக்குத் தேவையில்லை என்றால் அப்டேற் வரும்வரை காத்திராமல் அதை நிறுத்திவிடுங்கள். பிரிண்டர் இல்லாத சேர்வரில் ஸ்பூலர் ஏன் ஓடவேண்டும்?

பக்கப், பிறகு வெறும் ரீஸ்டார்ட்

பக்கப் எடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சேர்த்துச் சொல்வது இரண்டு: எடுத்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வையுங்கள், அதில் இருந்து ஒரு பைலையாவது வேறு கணினியில் திறந்து பாருங்கள். செருகியபடியே இருக்கும் டிஸ்கையும் ரான்சம்வேர் சேர்த்துப் பூட்டும்.

அடுத்த படிதான் அதிகம் பேர் செய்யாதது. அப்டேற் போடும் முன், எதையும் மாற்றாமல், சேர்வரை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். நகரத்தில் ஒரு கடை, ஒரு வருடத்துக்கு மேல் நிற்காமல் ஓடிய சேர்வர். அப்டேற் போட்டேன், ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தேன். எழும்பவில்லை. விடிய இரண்டு மணி வரை அப்டேற்றைக் கழற்றப் போராடினேன். கடைசியில் பார்த்தால், ஒன்றுக்கு ஒன்று துணையாக ஓடிய இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஒன்று எப்போதோ செத்துக் கிடந்தது, மற்றது அந்த ரீஸ்டார்ட்டில் கையை விரித்துவிட்டது. அப்டேற்றுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்த முதலாளியைக் கேட்டால் இன்றைக்கும் "தம்பி அப்டேற் போட்டுக் கெடுத்தது" என்றுதான் சொல்வார். வெறும் ரீஸ்டார்ட்டில் படுத்திருந்தால் குற்றவாளி யார் என்பதாவது தெரிந்திருக்கும்.

இதே ரீஸ்டார்ட்டில் வேறொன்றும் வெளிப்படும். மதர்போர்ட்டில் உள்ள சிஆர் 2032 பட்டன் பற்றரி செத்திருந்தால், கரண்ட் போய் வந்த பிறகு திகதி பல வருடம் பின்னால் போயிருக்கும். திகதி பிழைத்தால் பாதுகாப்பான இணைப்புகள் வேலை செய்யாது, அப்டேற் இறங்காது. சில்லறைக் காசுப் பற்றரிக்காக அரை நாள் தலையைப் பிய்த்தவர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருவன்.

முடிந்தால் ஒத்திகையும் பாருங்கள். டிஸ்க்2விஎச்டி என்ற மைக்ரோசொப்டின் இலவசக் கருவி, ஓடிக்கொண்டிருக்கும் சேர்வரையே ஒரு பைலாகப் படி எடுக்கும். அதை வேறு கணினியில் மெய்நிகர் இயந்திரமாக ஓட்டி, அங்கே அப்டேற்றைப் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கணினியின் நெட்வேர்க் வயரைக் கழற்ற மறக்கவேண்டாம். ஒரே பெயரில் இரண்டு சேர்வர் எழும்பினால் ஒத்திகையே கூத்தாகிவிடும். உபுண்டு, டெபியனில் பொதிகளைப் போடும் ஆப்ட் கட்டளைக்குப் பாவனையாக ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு, எவை மாறும், எவை அகற்றப்படும் என்று பட்டியல் தரும். அகற்றப்படும் பட்டியலில் உங்கள் தரவுத்தளத்தின் பெயர் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

போடும் இரவு

அப்டேற் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் வரும் சிதைவு, எந்த ஓட்டையையும்விட மோசம். 2022இன் நீண்ட மின்வெட்டுகள் இப்போது இல்லை என்றாலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் இடியிலும் லைன் போவது புதிதில்லை. யூபிஎஸ் இருக்கிறது என்பது போதாது. சேர்வரையும் திரையையும் அது எத்தனை நிமிடம் தாங்கும் என்று முதல்நாளே கரண்டைக் கழற்றிப் பாருங்கள். பற்றரிக்கு மூன்று வயது தாண்டியிருந்தால் நான் நம்பமாட்டேன்.

நாள் தெரிவு செய்வதற்கு நம் நாட்டில் ஒரு வசதி இருக்கிறது: மாதம் ஒரு போயா விடுமுறை. அலுவலகங்களுக்கு அதற்கு முதல்நாள் மாலை நல்ல நேரம், ஏதாவது பிழைத்தால் திருத்த ஒரு முழு நாள் கையில் இருக்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நகரத்துக் கடைச் சேர்வரில் கை வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மாலையும் சனிக்கிழமை வியாபாரம் உள்ள கடைக்கு உதவாது.

பொதியை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். 2016இன் மாத அப்டேற் 1.5 ஜிபியைத் தாண்டும், இரவு டேட்டாவில் இறக்கினால் பகல் பாக்கேஜ் மிச்சம். மைக்ரோசொப்டின் அப்டேற் கற்றலொக் தளத்தைத் தவிர வேறு எங்கிருந்தும் எடுக்கவேண்டாம். 2012 ஆர்2வின் பொது ஆதரவுக் கால அப்டேற்றுகளில் இரண்டு வகை இருக்கும். மாதத் தொகுப்பு முந்தைய மாதங்களையும் சேர்த்துத் தரும். பாதுகாப்பு மட்டும் என்பது சிறியது, ஆனால் அந்த மாதத்துக்குரியது மட்டுமே, ஆகவே விட்ட மாதங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போடவேண்டும். பல மாதம் தவறவிட்ட சேர்வருக்குத் தொகுப்புதான் என் தெரிவு. அதற்கு முன், அப்டேற் போடும் பகுதியையே புதுப்பிக்கும் சேர்விசிங் ஸ்டாக் என்ற சிறிய அப்டேற் கேட்டிருந்தால் அதை முதலில் போடுங்கள். சி டிரைவில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

போடும்போது பொறுமை. 2016 இதில் பேர்போன சோம்பேறி. 'அணைக்கவேண்டாம்' என்ற திரையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும்வரை பவர் பட்டனுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். லினக்ஸில் கேர்னல் என்ற மையப்பகுதி மாறினால் ரீஸ்டார்ட் வேண்டும். பல சேவைகள் பகிர்ந்து பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எல் போன்ற நிரல் நூலகம் மாறினால், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் சேவைகளையாவது திரும்ப எழுப்பவேண்டும். இல்லாவிட்டால் புதிய மருந்து டிஸ்கில் இருக்கும், பழைய நோய் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

முடிந்ததும் வீட்டுக்கு ஓடாமல் ஒரு பில் அடித்துப் பாருங்கள். காசாளரின் கணினியில், காசாளரின் லொகினில் அடிக்கவேண்டும், நிர்வாகியாக அடித்துப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு ஸ்கான். பொதுக் கோப்புறையில் ஒரு பைல். அன்றிரவுப் பக்கப் ஓடியதா என்பதைக் காலையில்.

போட முடியாவிட்டால்

பில்லிங் மென்பொருளை எழுதியவர் தொடர்பில் இல்லை, புதிய சேர்வருக்குக் காசு அடுத்த வருடம், அப்டேற்றும் இனி வராது. பலருடைய உண்மை நிலை இதுதான். அப்போது கதவுகளை ஒவ்வொன்றாக மூடுவதுதான் வேலை. ரவுட்டரில் உள்நோக்கிய வழி எதுவும் வேண்டாம். அந்தச் சேர்வரில் பிரௌசரைத் திறந்து மின்னஞ்சல் பார்ப்பதை நிறுத்துங்கள். பைல் பகிரும் 445 போர்ட்டை, உண்மையில் தேவைப்படும் கணினிகளுக்கு மட்டும் ஃபயர்வோலில் விடுங்கள். வன்னாகிரை நுழைந்த எஸ்எம்பி 1 என்ற, பைல் பகிரும் பழைய முறையை அணையுங்கள். இங்கேதான் அந்தப் போட்டோக்கொப்பி மெஷின் வருகிறது: பழைய மெஷின்கள் பல எஸ்எம்பி 1 வழியாகத்தான் ஸ்கானை அனுப்பும், அணைத்த மறுநாள் 'ஸ்கான் வேலை செய்யுதில்லை' என்று அழைப்பு வரும். மெஷினை மின்னஞ்சலுக்கோ பென்ட்ரைவுக்கோ ஸ்கான் செய்ய மாற்றிவிட்டுப் பிறகு அணையுங்கள். வைஃபையில் வரும் வாடிக்கையாளர்களின் போன்களும் சேர்வரும் ஒரே வலையமைப்பில் இருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள்.

முதலாளியிடம் ஓட்டை, சிவிஇ என்று தொடங்கவேண்டாம். "புதன் இரவு கடை பூட்டின பிறகு ரெண்டு மணித்தியாலம் சேர்வர் நிக்கும். பக்கப் எடுத்திருக்கு. பிழைச்சால் பழையபடி கொண்டுவர மூண்டு மணித்தியாலம்" என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அந்த வேண்டாமையும் திகதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.

கொப்பியில் ஒரு பதிவு இவ்வளவுதான் இருக்கும்: திகதி, கேபி எண், நமக்கு உரியதா, எந்த வழியால் தாக்கலாம், தாக்குதல் நடக்கிறதா, தெரிந்த பிரச்சினை, முடிவு, போட்ட நேரம், முதல் பில் அடித்த நேரம். இதை எக்செல் பைலாக்கி அந்தச் சேர்வருக்குள்ளேயே வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். காகிதத்தில் எழுதி லாச்சிக்குள் வையுங்கள், நிர்வாகி பாஸ்வேர்ட்டை மட்டும் அதில் எழுதாமல்.